பழைய கேம்பர் வேன் பெட்ரோலைக் குடிக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

கேம்பர் வேன், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வேன், வைத்திருக்கும் யாராவது “வண்டி பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்குது” என்று சொன்னால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. முள் சீக்கிரம் இறங்குகிறது என்பார்கள். பழைய வேனின் பெட்ரோல் முள்ளை நம்புவதற்குப் பதில் சோழி உருட்டிப் பார்க்கலாம். அதனால் முதலில் கணக்கு, அப்புறம்தான் ஸ்பேனர்.

படி 1: அளந்து பாருங்கள்

டேங்க்கை நிரப்புங்கள். பம்ப் தானாக முதல்முறை நிற்கும்போது நிறுத்திவிட்டு, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம், மூன்று டேங்க்காவது பாருங்கள்.

இதில் ஒரு குழி உண்டு, நானே விழுந்திருக்கிறேன். பெரிய டயர் மாட்டியதும் என் வேனின் மைலேஜ் சட்டென்று இறங்கியது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன், தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போனில் ஜிபிஎஸ் போட்டு ஓட்டிப் பார்த்தால், வண்டி 105 கிலோமீட்டர் போனதை மீட்டர் 100 என்று காட்டிக்கொண்டிருந்தது. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர்படி 400 கிலோமீட்டருக்கு 50 லிட்டர் என்றால் மைலேஜ் 8. உண்மையில் ஓடியது 420, ஆக 8.4. உங்கள் வேனிலும் டயர் அளவு மாறியிருந்தால் இதை முதலில் சரிபாருங்கள்.

படி 2: ஒழுகுகிறதா?

மைலேஜை விட உயிர் முக்கியம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அடுப்பும் கேஸ் சிலிண்டரும் உள்ள வண்டி இது. இன்ஜின் ஆறியபின் டேங்க்கிலிருந்து இன்ஜின் வரை ரப்பர் குழாய்களைத் தடவிப் பாருங்கள். வெடிப்போ ஈரமோ பெட்ரோல் வாடையோ இருந்தால் குழாயை மாற்றும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். எத்தனாலில் சக்தியும் குறைவு: 10 சதவீதம் கலந்திருந்தால் மைலேஜ் சுமார் 3 சதவீதம் குறையும், அதற்கு வண்டியைத் திட்டிப் பயனில்லை.

டீசல் வேனில் படுக்கும் இடத்துக்கான ஹீட்டர் மெயின் டேங்க்கிலிருந்தே டீசல் எடுக்கிறதா என்றும் பாருங்கள். ராத்திரி முழுக்க அது எரிந்தால் அந்த டீசலும் உங்கள் மைலேஜ் கணக்கில்தான் ஏறும்.

படி 3: சக்கரம் லேசாக உருளுகிறதா?

டயர் காற்றை வண்டி ஆறியிருக்கும்போது, கதவருகே ஒட்டியுள்ள அட்டவணைப்படி வையுங்கள். டயர் மேலேயே அச்சிட்டிருப்பது உச்ச அளவு, அதை இலக்காக எடுக்காதீர்கள்.

அடுத்தது பிரேக். மாதக்கணக்கில் நின்றே கிடக்கும் வண்டியில் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். இருபது நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தும்போது பிரேக்கை அதிகம் மிதிக்காமல், உருள விட்டு நிறுத்துங்கள். இறங்கி, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். இடது முன்சக்கரத்தை வலது முன்சக்கரத்தோடும், பின்னால் இருப்பதைப் பின்னால் இருப்பதோடும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

உறுதிப்படுத்த, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். பின்சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக்கையும் விடுவிக்க வேண்டும். லேசான உரசல் சத்தம் இருக்கலாம். கால் சுற்றிலேயே நின்றுவிட்டால் பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பர் துருப்பிடித்திருக்கும், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கும். பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருந்தாலும் இப்படி ஆகும்: மிதிக்கும்போது அழுத்தம் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. கண்டுபிடிப்பது உங்கள் வேலை, பழுது பார்ப்பதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

படி 4: இன்ஜின் சூடாகிறதா?

பழைய வண்டிக்காரர்கள் அதிகச் சூட்டுக்குத்தான் பயப்படுவார்கள். சூடே ஏறாமல் ஓடுவதும் பெட்ரோலைத் தின்னும். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவைக்கும் வால்வு தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் குளிர்ந்தே இருக்கும், அதற்கேற்பப் பெட்ரோலும் கூடுதலாகப் போகும். காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேனில் கை படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து பிறகு திடீரென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

படி 5: பிளக் சொல்வதைக் கேளுங்கள்

பெட்ரோல் இன்ஜின் என்றால் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். இளம்பழுப்பு நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. பிசுபிசுப்பான எண்ணெய் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

கரி இருந்தால், கார்புரேட்டர் வண்டியில் சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு) இன்ஜின் சூடானதும் முழுதாகத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கும் இன்ஜெக்ஷன் வண்டியில் ஃபில்டர் அடைப்பால் இழுவை குறையுமே தவிர மைலேஜ் பெரிதாக மாறாது. அங்கே கூலன்ட் சென்சாரையும் ஆக்சிஜன் சென்சாரையும் சோதிக்கச் சொல்லுங்கள். டீசலில் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரையும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: சுமையும் வேகமும்

தண்ணீர் டேங்க் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. போகுமிடத்தில் தண்ணீர் கிடைக்குமென்றால் பாதி போதும். வேகம் 90-லிருந்து 110 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். வேனின் முகமோ சுவர் மாதிரி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று டேங்க் ஓட்டி எழுதி வையுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இத்தனைக்கும் பிறகும் மைலேஜ் ஏறவில்லையா? கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை, அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லாச் சிலிண்டரும் அந்த இன்ஜினுக்கு உரிய அளவுக்குள், கிட்டத்தட்ட ஒரே மாதிரி காட்டினால் இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் வெகுவாகக் கீழே இருந்தால் வால்வா, பிஸ்டன் ரிங்கா என்று பார்க்க வேண்டியிருக்கும்.