நீளமான ஆங்கிலச் சொல்லை வாலிலிருந்து பிடியுங்கள்

குன்னூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கொலக்கம்பை, மஞ்சூர் பக்கம் போகிற பிள்ளைகள் பள்ளி விட்டதும் பஸ் வரும் வரை கடைத் திண்ணையில்தான் நிற்பார்கள். அந்த நேரத்தில் நாங்கள் ஒன்பது எழுத்துக் கட்டம் போடுகிறோம். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஒன்பது ஆங்கில எழுத்துகள் இருக்கும், அவற்றை வைத்துச் சொற்கள் அமைக்க வேண்டும். நடுவில் இருக்கும் எழுத்து கட்டாயம் வர வேண்டும், ஒவ்வோர் எழுத்தையும் ஒரு முறைதான் எடுக்கலாம். ஒன்பதையும் சேர்த்து ஒரு சொல் நிச்சயம் ஒளிந்திருக்கும்.

பிள்ளைகள் முதலில் மூன்றெழுத்து, நாலெழுத்துச் சொற்களாகப் பொறுக்குவார்கள். நான் அதற்கு விடுவதில்லை. பெரிய சொல்லை முதலில் தேடுங்கள் என்பேன். சின்னச் சொற்களில் கண் பழகிவிட்டால் அந்த எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும், பிறகு பிரித்துப் பார்க்கவே வராது.

ஸ்பைரல் பைண்டிங்கில் மிஞ்சும் அட்டையைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதிக்கொள்ளுங்கள். வரிசையாக வைக்க வேண்டாம், வட்டமாக வையுங்கள். வரிசையாக இருந்தால் கண் இடமிருந்து வலமாகப் படித்து அதிலேயே நின்றுவிடும். (இங்கே ‘டி’ என்று எழுதுவது நான்காவது எழுத்து, ‘டீ’ இருபதாவது எழுத்து. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரி, இப்போது முக்கியமான விஷயம். நீளமான ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை துண்டு துண்டாகச் சேர்த்தவை. முன்னால் ஒரு துண்டு, நடுவில் ஒரு வேர், பின்னால் ஒரு வால். வால்கள் கொஞ்சம்தான், அவையே திரும்பத் திரும்ப வரும்: ஐ-என்-ஜி, டீ-ஐ-ஓ-என், எம்-இ-என்-டீ, என்-இ-எஸ்-எஸ், டீ-யூ-ஆர்-இ. கையில் இருக்கும் எழுத்துகளில் எந்த வால் தேறும் என்று பாருங்கள். தேறியதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கலைத்துப் பாருங்கள். ஒன்பது எழுத்தோடு மல்லுக்கட்டுவதும் ஐந்து எழுத்தோடு மல்லுக்கட்டுவதும் ஒன்றல்ல.

ஆனால் முதலில் கண்ணில் படும் வாலோடு நின்றுவிடக் கூடாது. ஒரு நாள் ஏ, இ, ஜி, ஐ, என், ஆர், எஸ், டீ, யூ வந்தது. “அக்கா, ஐ-என்-ஜி இருக்கு, முடிஞ்சுது!” என்று ஒரு பையன் குதித்தான். மிச்சம் ஏ, இ, ஆர், எஸ், டீ, யூ. எப்படிப் புரட்டினாலும் சொல் வரவில்லை. ஐ-என்-ஜியைத் திருப்பிப் போட்டுவிட்டு டீ-யூ-ஆர்-இயை எடுக்கச் சொன்னேன். மிச்சம் எஸ், ஐ, ஜி, என், ஏ. சிக்னேச்சர்! ஒரு வாலுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள், வராவிட்டால் அடுத்த வால்.

வால் எதுவும் தேறாதபோது அரிய எழுத்தைப் பிடியுங்கள். அது எந்தக் குடும்பத்துச் சொல் என்று அந்த எழுத்தே காட்டிக்கொடுக்கும். க்யூ இருந்தால் யூவை உடனே பக்கத்தில் ஒட்டிவிடலாம். க்வெஸ்சனேர், கான்சிக்வென்ஸ் எல்லாம் அப்படித்தான். நீளமான சொல்லின் நடுவில் ஜே வந்தால் அதன் பின்னால் இ-சி-டீ இருக்கிறதா என்று தேடுங்கள். அப்ஜெக்ஷன், இன்ஜெக்ஷன், அட்ஜெக்டிவ் மூன்றும் ஒரே லத்தீன் வேரின் பிள்ளைகள், மூன்றும் ஒன்பது எழுத்து. டபிள்யூவும் கேயும் சேர்ந்து வந்தால் லத்தீனை மறந்துவிடுங்கள். ஃப்ரேம்வொர்க் மாதிரி இரண்டு சின்ன ஆங்கிலச் சொற்கள் ஒட்டியிருக்கும், அல்லது நாலெட்ஜ் மாதிரி பழைய ஆங்கிலச் சொல்லாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒய். கடைசியில் எல்-ஒய், டீ-ஒய், ஆர்-ஒய் என்று வைத்துப் பாருங்கள். ஒன்றும் சரிவராவிட்டால் ஒய்யை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அநேகமாக அது கிரேக்கச் சொல்லாக இருக்கும். உதாரணத்துக்கு ஏ, ஏ, டி, இ, ஜி, ஹெச், என், ஆர், ஒய். எல்லும் இல்லை, டீயும் இல்லை. ஆர்-ஒய்யில் முடித்தால் மிச்சம் சேரவில்லை. நடுவுக்கு நகர்த்தினால் ஹெச்-ஒய்-டி-ஆர், கிரேக்கத்தில் தண்ணீரைக் குறிக்கும் துண்டு. மிச்சம் ஏ, ஏ, இ, ஜி, என். எங்கள் ஊரில் பாதி வீட்டு வாசலில் நீலமாகப் பூத்துக்கிடக்கும் ஹைட்ரேஞ்சியா! இந்தச் சொல் விழுந்த அன்று பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

விளையாட்டு மாறினால் விதியும் மாறும், கவனியுங்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஸ்பெல்லிங் பீ என்ற சொல் விளையாட்டில் ஏழு எழுத்துகள்தான், ஆனால் ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், அதனால் இரட்டை எழுத்துகளை மறக்காதீர்கள். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கும் ஸ்கிராபிளில் கையில் உள்ள ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். எஸ் நான்கே கட்டைகள், எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டை இரண்டே. அவற்றைச் சின்னச் சொல்லுக்குச் செலவழிக்காமல் வைத்திருங்கள்.

போனில் தேடுவதை நான் தடுப்பதில்லை, ஆனால் கட்டம் முடிந்த பிறகுதான். ஒன்லுக் என்ற சொல் தேடும் தளத்தில் கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு, நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும். ஜே-இ-சி-டீக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டால் அந்தக் குடும்பம் முழுக்க வந்து நிற்கும். லினக்ஸ் கணினியில் சொற்பட்டியல் இருந்தால் கிரெப் என்ற தேடல் கட்டளையால் முதலில் ஓர் எழுத்து உள்ளவை, அதிலிருந்து அடுத்த எழுத்து உள்ளவை என்று வடிகட்டிக்கொண்டே போகலாம். வந்த சொற்களில் தெரியாததை அகராதியில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கட்டத்தில் அதே வேர் வேறு வாலோடு வரும்.

பழகிய பிறகு பன்னிரண்டு எழுத்துக்கும் போகலாம். இதை முயன்று பாருங்கள்: டி, டி, டி, இ, ஹெச், என், என், ஓ, ஓ, ஓ, ஆர், ஆர். வழக்கமான வால் எதுவும் இதில் தேறாது. ஆருக்குப் பின்னால் ஹெச்சை வையுங்கள், அதுவும் கிரேக்க அடையாளம்தான். விடை, தொட்டபெட்டா பக்கத்துச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் மரம்.