கரண்ட், வைஃபை, மோட்டார்: ஸ்மார்ட் ஸ்பீக்கர் வைக்கும் முன்

எக்கோ டாட் என்பது நாம் பேசுவதைக் கேட்டு வேலை செய்யும் அமேசானின் ஸ்மார்ட் ஸ்பீக்கர். அதற்குள் பேட்டரி இல்லை. கரண்ட் போனால் அதுவும் ஊமை. இன்வெர்ட்டர் லைனில் போடுவதானால் வைஃபை ரவுட்டரையும் சேர்த்துப் போடுங்கள். நெட் இல்லாத ஸ்பீக்கரால் பெரிதாகப் பயனில்லை.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, டிவியை விட்டு விலக்கி வைக்க வேண்டும். முதன்முறை கரண்ட் கொடுத்ததும் சிறிது நேரத்தில் ஸ்பீக்கரில் ஆரஞ்சு விளக்கு சுற்றும். அப்போது போனில் அலெக்ஸா ஆப்பைத் திறந்து அதைச் சேர்க்கலாம். சுற்றாவிட்டால் புள்ளி போட்ட பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். ஸ்பீக்கரிடம் சொல்லி ஆன், ஆஃப் செய்யும் ஸ்மார்ட் பிளக் சேரவில்லையா? பெரும்பாலான பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரவுட்டரில் அது ஆனில் இருக்கிறதா பாருங்கள்.

பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் பலருக்கும் ஆசை தண்ணீர் மோட்டார் மேல்தான். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் நேராகச் செருகினால் உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஒட்டினால் ஆப் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் எலக்ட்ரீஷியனை வைத்து, மோட்டார் கரண்டைத் தாங்கும் கான்டாக்டர் என்ற காந்த சுவிட்சைப் போடுங்கள். பிளக் அதன் காயிலை மட்டும் இயக்கட்டும். போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் ஸ்பீக்கருக்குத் தெரியாது, தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுக்கும் ட்ரை ரன் பாதுகாப்பு தனியாக வேண்டும்.

கருவிகளுக்கு 'ஹால் லைட்', 'பம்ப்' என்று ஒன்றோடொன்று குழம்பாத சின்னப் பெயர்களாக வையுங்கள். ஓசூர்ப் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் வீட்டில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லிப் பழகுவதுதான் கஷ்டம். டிவி விளம்பரத்துக்கெல்லாம் பதில் சொன்னால் கூப்பிடும் பெயரை 'எக்கோ' என்று மாற்றலாம். மைக் பட்டனை அழுத்திச் சிவப்பு விளக்கு வந்துவிட்டால் அது எதையும் கேட்காது.