அன்றாட நிகழ்வுகளில் விசுவாசப் பாடம் காண்பது எப்படி?

வீட்டு ஜெபக்கூட்டத்திலோ வாலிபர் கூட்டத்திலோ சிறிது நேரம் தேவசெய்தி அளிக்க அழைக்கப்படுகிறவர்கள், அந்த வாரத்துச் செய்தி ஒன்றை எடுத்து அதற்கேற்ற வசனத்தைத் தேடுவது வழக்கம். தேடுவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் முதலில் நினைவுக்கு வரும் வசனத்தோடு தேடலை நிறுத்திவிடுவதால், மழை என்றால் நோவா, நிலநடுக்கம் என்றால் கடைசிக்காலம் என்று கேட்பவர்களே முன்கூட்டி ஊகித்துவிடுகிறார்கள்.

ஆகவே நிகழ்வை அதன் விவரங்களோடு அறிந்துகொள்வதிலிருந்து தொடங்க வேண்டும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையின்போது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டபோது, அருகிலுள்ள புதுக்குடி கிராமத்தார், தாங்களும் வெள்ளத்தின் நடுவே இருந்தும், கையிலிருந்த அரிசியைக் கொண்டு ஊர்க் கோயிலில் சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள். இந்த விவரம் தெரிந்தபின் நோவாவைவிட அப்போஸ்தலர் 28ஆம் அதிகாரமே பொருத்தமாகத் தோன்றும். கப்பல் உடைந்து, அப்போஸ்தலனாகிய பவுல் உட்பட 276 பேர் மெலித்தா தீவில் கரையேறியபோது, அவனுடைய தேவனை அறியாத அந்தத் தீவார், மழையும் குளிருமாயிருந்தபடியால் நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். உபசரிப்பைக் கொடுப்பதைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, அந்நியரிடமிருந்து அதை நன்றியோடு பெற்றுக்கொள்வதும் ஒரு விசுவாசப் பாடம் என்பதை இந்தப் பகுதி காட்டுகிறது.

அதே பகுதியை இன்னும் சில வசனங்கள் தொடர்ந்து வாசித்தால் ஓர் எச்சரிக்கையும் கிடைக்கும். பவுலின் கையை விரியன்பாம்பு கவ்வியதும் அவனைக் கொலைபாதகன் என்று தீர்மானித்த அதே தீவார், அவனுக்குத் தீங்கு நேராததைக் கண்டவுடன் அவனைத் தேவன் என்றார்கள். ஒரு நிகழ்வுக்கு அவசரமாகப் பொருள் சொன்னால் இரண்டு பக்கமும் தவறலாம்.

இதைக் குறித்து இயேசுவின் வார்த்தை மிகத் தெளிவானது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில், ரோம ஆளுநரான பிலாத்து கலிலேயரைக் கொன்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவருகிறார்கள். அவர் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்ததையும் சேர்த்து நினைவூட்டி, இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று மறுத்து, கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்பச் சொன்னார். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் மாண்டவர்களைப் பற்றி, அது இன்ன பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பேசியவர்கள் இந்த ஐந்து வசனங்களை வாசித்திருக்கலாம். ஆகையால் நீங்கள் எழுதிவைத்த பாடம் யாரை நோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள். அது முழுவதும் பிறரைப் பற்றியதாக இருந்தால், உங்களை நோக்கித் திருப்பி எழுதுங்கள்.

அன்றாட வாழ்க்கையில் பாடம் காணப் பெரிய செய்தி தேவையில்லை. காலையில் நாற்சந்தியில் தூக்குவாளியும் கரண்டியுமாகக் காத்திருக்கும் கொத்தனார்களையும் சித்தாட்களையும் பாருங்கள். திடகாத்திரமானவர்கள் முதலில் வண்டியேறிவிட, வயதானவர்கள் சிலர் வெயில் ஏறிய பின்பும் நின்றுகொண்டிருப்பார்கள். மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமையில், பதினோராம் மணி வேளையில், அதாவது மாலை ஐந்து மணியளவில், நின்றவர்கள், தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றுதான் பதில் சொன்னார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணியே அந்த உவமையை வாசித்து வந்தவர்களுக்கு, கடைசியாக வந்தவர்களுக்கும் கூலியாகக் கொடுக்கப்பட்ட ஒரு பணம் என்பது அந்தக் குடும்பத்தின் அன்றைய சாப்பாடு என்பது அந்த நாற்சந்தியில் புரியும்.

கண்டதை அன்றே ஒரு குறிப்பேட்டில் இரண்டு வரியாக எழுதிவைத்தால், வசனம் பிறகு வந்து சேரும். வாட்ஸ்அப்பில் வரும் அற்புதச் செய்திகளை உறுதிப்படுத்தாமல் எடுத்துச் சொல்லக் கூடாது. பொய்யான சம்பவத்தின்மேல் கட்டிய சாட்சி, உண்மையான வசனத்தையும் சேர்த்துச் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

பாடம் சொல்லவே கூடாத செய்திகளும் உண்டு. பிள்ளைகள் இறந்த விபத்திலிருந்து கருத்து எடுப்பது இரக்கமற்றது. இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். அழுகிறவர்களுடனே அழ வேண்டும் என்பது ரோமர் 12ஆம் அதிகாரத்தின் கட்டளை. அப்படிப்பட்ட வாரத்தில், ஆறுதலான முடிவு ஏதுமின்றி நிற்கும் 88ஆம் சங்கீதத்தை வாசித்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக ஜெபித்து, உதவி சேகரிக்கப்படுகிறதென்றால் அந்த விவரத்தையும் அறிவித்துவிட்டு அமர்ந்துவிடலாம்.