பீப்பாயில் இருக்கும்போதே போர்தோ வாங்குவது எப்படி

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் மின்னஞ்சல் பெட்டியில் பாதி, பிரான்சின் போர்தோ வட்டார வைனை விற்கும் வியாபாரிகளுடையது. "நூற்றாண்டின் தலைசிறந்த விளைச்சல்" என்பார் ஒருவர், "அதையும் தாண்டியது" என்பார் இன்னொருவர். 2000, 2005, 2009, 2010, 2016, 2022 என்று அந்தப் பட்டம் வாங்காத நல்ல வருடமே பாக்கி இல்லை. அவை நல்ல வருடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் வருடம் நன்றாக இருக்கிறது என்பதற்காக இன்றைக்கே பணம் கட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் லண்டனில் கணக்கு வேலை பார்ப்பவன். வாங்குவது குடிப்பதற்கு, விற்பதற்கு அல்ல. இங்கே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் நடைமுறை. போர்தோவில் செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. அடுத்த வசந்தத்தில், வைன் இன்னும் ஓக் பீப்பாயில் கிடக்கும்போதே, வியாபாரிகளும் விமர்சகர்களும் போய்ச் சுவைத்து மதிப்பெண் போடுவார்கள். அதற்கப்புறம் ஜூன் வரை ஒவ்வொரு ஷத்தோவாக, அதாவது திராட்சை வளர்த்து வைன் தயாரிக்கும் ஒவ்வொரு தோட்டமாக, விலையை அறிவிக்கும். இந்த முன்விற்பனைக்குத்தான் ஆன் ப்ரிமர் என்று பெயர். ஷத்தோ நமக்கு நேரடியாகக் கொடுக்காது. கூர்த்தியே என்கிற தரகர் 2 சதவீதம் எடுத்துக்கொண்டு நெகோசியான் என்கிற மொத்த வியாபாரியிடம் சேர்ப்பார், நெகோசியான் ஊர் ஊராக இருக்கும் கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார், கடைக்காரர் நமக்கு விற்பார். 2016 விளைச்சலை 2017 கோடையில் பணம் கட்டி வாங்கினேன், பெட்டி வந்து இறங்கியது 2019-இல். அதுவரை கையில் இருந்தது ஒரு ரசீதுதான்.

சரி, எப்போது வாங்கலாம்? நான் பார்ப்பது ஒரே ஒரு ஒப்பீடு. விலை அறிவிப்பு வந்ததும், கடைகளின் வைன் விலைகளைக் காட்டும் வைன் சர்ச்சர் தளத்தைத் திறந்து, அதே ஷத்தோவின் கடந்த பத்து வருட வைன்கள் இன்று வரி சேராமல் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். பக்கத்தில் மதிப்பெண். புதியதற்கு நிகரான தரமுள்ள பழைய வருடம் ஒன்று அதே விலையிலோ குறைவாகவோ கிடைத்தால், பழையதை வாங்கிவிட்டு மின்னஞ்சலை அழித்துவிடுவேன். பழையது ஏற்கெனவே பாட்டிலில் இருக்கிறது, சில வருடம் முதிர்ந்தும் இருக்கிறது. பீப்பாய் மாதிரியை நம்பி வாங்குகிறவருக்கு அந்த அபாயத்துக்குத் தள்ளுபடி கிடைக்க வேண்டாமா?

கிடைத்த வருடங்கள் உண்டு. உலக நிதி நெருக்கடிக்கு நடுவே 2009-இல் வெளிவந்த 2008 விளைச்சல் ஒன்று. கொரோனா முடக்கத்தில் 2020-இல் வெளிவந்த 2019 இன்னொன்று. அந்த வருடம் சுவைக்கும் வாரமே ரத்தாகி, மாதிரி பாட்டில்களைக் கூரியரில் அனுப்பினார்கள். பொன்தே கானே என்ற ஷத்தோ முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்து முதலில் களமிறங்க, மற்றவர்களும் குறைக்க வேண்டியதாயிற்று. வைனோ அருமை. இதற்கு நேர்மாறு, 2009, 2010 விளைச்சல்களில் முதல்தர ஷத்தோக்கள். சீனத்து வாங்குபவர்கள் அவற்றில் ஒன்றான லஃபீத்தை ஏலத்தில் ஏற்றிவிட்ட காலம் அது, விலை வானத்தில் இருந்தது. அன்று முந்திக்கொண்டு வாங்கியவர், பத்து வருடம் பொறுத்திருந்தால் அதே வைனை அதே விலைக்கோ அதற்கும் கீழேயோ வாங்கியிருக்கலாம். 2022-ஐயும் ஏற்றி விற்றார்கள். அது தேங்கியதால் 2023 விளைச்சலுக்குப் பெரிதாகக் குறைத்தார்கள், 2024 விளைச்சலுக்கு இன்னும் குறைத்தார்கள். விலை குறைந்ததே என்று 2024-ஐப் பாய்ந்து வாங்க வேண்டாம். மழை மிகுந்த, சிரமமான வருடம் அது. அதற்கும் அதே தாள்தான்.

விலையைத் தவிர முன்கூட்டி வாங்க எனக்குத் தெரிந்து நியாயமான காரணம் ஒன்று பாட்டில் அளவு. வைன் பீப்பாயில் இருக்கும்போது மேக்னம், அதாவது ஒன்றரை லிட்டர் பாட்டில், வேண்டும் என்று கேட்டால் சற்றுக் கூடுதல் விலைக்கு நிரப்பித் தருவார்கள். பெரிய பாட்டிலில் வைன் மெதுவாக முதிரும். பாட்டிலில் அடைத்து முடிந்தபின் மேக்னம் தேடுவது பெரும் பாடு. என் மகள் பிறந்தது 2016. அவளுக்கு 21 வயதாகும்போது திறக்க லியோவில் பார்ட்டன் ஷத்தோவின் மேக்னங்கள் கேட்டு வாங்கினேன், அதற்காக ஒப்பீட்டுத் தாளைக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு காரணம், பொமரோல் போன்ற இடங்களில் சில தோட்டங்கள் கைக்குட்டை அளவுதான். பிறகு கிடைக்காது என்று கடைக்காரர்கள் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும்.

எதை வாங்குவது? நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் போர்தோ நதிகளின் இடதுகரை. அங்கே மெதோக் பகுதியில் கேபர்னே சோவிஞோன் திராட்சை அதிகம். டானின், அதாவது வலுவான டீ குடித்ததுபோல் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, அதில் ஏராளம், அதுதான் வைனை இருபது வருடம் தாங்கிப் பிடிக்கிறது. வலதுகரையில் சான்தெமிலியோன், பொமரோல். அங்கே மெர்லோ திராட்சையின் ஆட்சி, பொதுவாகச் சற்று முன்னதாகவே இளகிவிடும். போர்தோ ஷத்தோக்களுக்கு 1855-இல் போட்ட தரவரிசையின் உச்சியிலிருக்கும் லஃபீத், மார்கோ, ஓ பிரியோன், 1973-இல் மேலேறிய மூத்தோன் எல்லாம் நம் பணப்பைக்கு இல்லை. அதே வரிசையிலுள்ள லத்தூர் 2012 விளைச்சல் முதல் முன்விற்பனைக்கே வருவதில்லை. தயாரானது என்று அவர்களுக்குத் தோன்றும்போது தங்கள் நிலவறையிலிருந்து வெளியே விடுகிறார்கள். நான் சுற்றிவருவது மெதோக்கில் சான் ஜூலியான் ஊரின் லியோவில் பார்ட்டன், லங்கோவா பார்ட்டன், போயாக் ஊரின் கிராண் பூயி லகோஸ்த், பதாயே. விலையில் அதற்கும் கீழே சோசியாந்தோ மாலே, ஷாஸ் ஸ்ப்ளீன், பூஜோ, காந்தமெர்ல். இவையும் நல்ல வருடத்தில் பதினைந்து வருடம் சுலபமாக நிற்கும். பார்ட்டன் குடும்பத்துக்கு லங்கோவா 1821 முதலும், லியோவில் 1826 முதலும் சொந்தம். விலை விஷயத்தில் பேராசைப்படாதவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள், அந்தப் பெயர் வீண்போகவில்லை.

பீப்பாய் மாதிரியை நீங்களே சுவைத்துத் தீர்மானிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை சான் ஜூலியானில் குடித்துப் பார்த்தேன். நிறம் நாவல்பழச் சாறு. பல், உதடு எல்லாம் ஊதா. கன்னத்தின் உட்பக்கம் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. புது ஓக் வாசனைக்கு அடியில் பழம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. தொழில்முறை விமர்சகர்களே இந்தக் கட்டத்தில் 94–96 என்று ஒரு வீச்சாகத்தான் மதிப்பெண் கொடுப்பார்கள். கீழ் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவரை மட்டும் நம்பாமல் மூன்று நான்கு பேர் சொல்வதைச் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது கடைக்காரர். இங்கேதான் பணம் போகும் வழி இருக்கிறது. கட்டிய பணத்துக்கும் வரும் பெட்டிக்கும் நடுவே இரண்டு வருடம். அதற்குள் கடை திவாலானால் கடையிடமிருந்து பணம் வரவேண்டியவர்கள் வரிசையின் வாலில் நிற்பீர்கள். பிரிட்டனிலும் பிரான்சிலும் அப்படி ஏமாந்தவர்கள் நிறைய. எனவே பல வருடமாக முன்விற்பனை செய்துவரும் கடையிடம் மட்டும் போங்கள், மற்ற எல்லோரையும்விடக் கணிசமாகக் குறைத்துக் கேட்பவரிடம் போகாதீர்கள். வாங்கும் முன் கேளுங்கள்: ஒதுக்கீடு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறதா, இல்லை இனிமேல்தான் தேடப்போகிறீர்களா? பெட்டி வந்தால் கிடங்கில் யார் பெயரில் இருக்கும்? பதில் "உங்கள் பெயரில்" என்று வர வேண்டும். பெட்டி இறங்கியதும் கிடங்கு கொடுக்கும் ரொட்டேஷன் நம்பரை, அதாவது பெட்டியின் அடையாள எண்ணை, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடைக்கு என்ன ஆனாலும் பெட்டி உங்களுடையது என்று காட்ட அதுதான் ஆதாரம்.

அறிவிப்பில் வரும் விலை வரிக்கு முந்தையது என்பதை மறக்காதீர்கள். பிரிட்டன் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். பன்னிரண்டு பாட்டில் பெட்டி 600 பவுண்டு என்று வையுங்கள், பாட்டில் 50. வரி கட்டாமல் பெட்டியை வைத்திருக்கும் சுங்கக் கிடங்கிலிருந்து வெளியே எடுக்கும்போது கலால் வரி பாட்டிலுக்குச் சுமார் 3 பவுண்டு, ஆக 36. இரண்டையும் கூட்டி அதன்மேல் 20 சதவீத வாட், 127. கிடங்கு வாடகை வருடத்துக்கு 15 பவுண்டு என்று வைத்தாலும் பதினைந்து வருடத்தில் 225. மொத்தம் 988. ஐம்பது பவுண்டு பாட்டில் குடிக்கும் நாளில் 82 பவுண்டு. பதினைந்து வருடம் முதிர்ந்த பாட்டிலைக் கடையில் பார்த்து "ஐயோ, விலை" என்று நகரும் முன் இந்த 82-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை தேவையா என்றால், ஆம். வைனுக்கு 12–13 டிகிரி வெப்பம், 70 சதவீதம் அளவு ஈரப்பதம், இருட்டு, அசைவின்மை வேண்டும். வில்ட்ஷயரில் கோர்ஷம் அருகே பழைய கல்சுரங்கத்துக்குள் இருக்கும் ஆக்டேவியன் கிடங்குபோல் வீட்டில் யாருக்கு வசதி? மாடிப்படிக்கு அடியில் பாய்லரை ஒட்டி வைப்பதைவிட வாங்காமல் இருக்கலாம். ஊருக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைக்கும் யோசனையும் வேண்டாம். ஈரோட்டு மே மாதத்தில் எந்த போர்தோவும் பிழைக்காது. காப்பீடு மட்டும் வாங்கிய விலைக்கா, இன்றைய சந்தை விலைக்கா என்று கிடங்கிடம் கேளுங்கள். சந்தை விலைக்கு இருப்பதே சரி.

பெட்டியை எப்போது திறப்பது? பாட்டிலான புதிதில் சில மாதம் வைன் பழமாகப் பேசும், அப்புறம் வாயை மூடிக்கொள்ளும். ஐந்தாம் வருடத்திலிருந்து பத்தாம் வருடம் வரை பல மெதோக் வைன்கள் இப்படித்தான் ஊமையாக இருக்கும். அந்தக் காலத்தில் திறந்து ஏமாந்து மீதியை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. சாதாரண மெதோக்கை எட்டாம் வருடம், தரவரிசை ஷத்தோவைப் பன்னிரண்டாம் வருடம் முதல் பாட்டில் திறந்து பாருங்கள், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒன்று. திறக்கும் முன் கழுத்தில் வைன் மட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பதினைந்து வருடப் பாட்டிலில் அது கழுத்துக்குள்தான் இருக்க வேண்டும். தோளுக்கு இறங்கியிருந்தால் கார்க்கில் கசிவு. முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் படியும். ஊற்றும்போது கழுத்துக்குப் பின்னால் ஒரு டார்ச் வெளிச்சம் வைத்து, கறுப்பு இழை கழுத்தை எட்டியதும் நிறுத்துங்கள்.

மிஞ்சிய பெட்டியை விற்க நினைத்தால் கிடங்கை விட்டு வெளியே எடுக்காமலே விற்றுவிடுங்கள். ஒருமுறை வீட்டுக்கு வந்த பெட்டிக்கு, அது எந்தச் சூட்டில் கிடந்தது என்று தெரியாததால், வாங்குபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். நீங்கள் கட்டிய வரியும் திரும்பி வராது.