பழைய நாணயங்களை உள்ளது உள்ளபடி படமெடுப்பது எப்படி

விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த 1862ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றைத் திருவல்லிக்கேணியில் உள்ள என் வீட்டுச் சன்னலோரம் வைத்து ஒருமுறை படமெடுத்தேன். மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை வழியாக வந்த காலை வெளிச்சத்தில் அரசியின் கன்னம் மாசுமறுவின்றி இருந்தது. அந்தப் படத்தை நம்பித் திருச்சியில் உள்ள நண்பர் ஒருவர் தம்மிடம் இருந்த இரண்டு காசுகளைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டார். நாணயம் போய்ச் சேர்ந்த அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தால் கன்னம் முழுக்கக் கோடு கோடாக இருக்கிறது. யாரோ துணி போட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் படத்தில் எதையும் திருத்தவில்லை. ஆயினும் வெளிச்சம் விழுந்த விதமே அந்த மயிரிழைக் கீறல்களை முழுவதுமாக மறைத்துவிட்டது. ரூபாயைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவருடைய காசுகளை அனுப்பி வைத்தேன். அன்று முதல் நாணயத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் குறைந்தது இரண்டு வெளிச்சங்களில் படமெடுக்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காகிதத்தைப் படமெடுப்பதும் உலோகத்தைப் படமெடுப்பதும் ஒன்றல்ல. வெள்ளி ஏறக்குறைய முகம் பார்க்கும் கண்ணாடியைப் போன்றது. எதிரே இருப்பது எதுவோ அதன் சாயல் அதில் விழும். எதிர்வீட்டுச் சுவருக்கு ரோஜா நிறம் அடித்திருந்தால் ரூபாயும் லேசாகச் சிவக்கும். நீலச் சட்டை அணிந்துகொண்டு குனிந்தால் எழுத்துகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் நீலம் படியும். எனவே வெள்ளை அல்லது சாம்பல் நிறச் சட்டை அணிவதும், சன்னலை மூடிவிட்டு ஒரே வகை விளக்குகளை மட்டும் பயன்படுத்துவதும் நல்லது. பகல் வெளிச்சமும் மஞ்சள் விளக்கும் கலந்தால் நாணயத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் தெரியும். அதைப் பிறகு எந்தச் செயலியாலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது.

கருவிகளுக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. ரிச்சி தெருவில் ஒரே மாதிரியான எல்.இ.டி. மேசை விளக்குகள் இரண்டைப் பார்த்து வாங்கினால் போதும், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் அவற்றின் சி.ஆர்.ஐ. அளவு 90க்கு மேல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் பெட்டியில் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கேமராவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் இருந்தால் மிகவும் நல்லது. கைப்பேசிதான் இருக்கிறது என்றால், நாணயத்தின் மேல் ஒட்டிக் குனியாமல், சற்று உயரத்தில் நிறுத்தி, இரண்டு அல்லது மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் லென்ஸைப் பயன்படுத்துங்கள். மிக அருகில் போனால் கைப்பேசியின் நிழல் நாணயத்தின் மேல் விழும், வட்டமும் கோணலாகும். கேமரா அசையாமல் இருக்க ஒரு தாங்கியும், மூன்று விநாடி டைமரும் தேவை.

நாணயத்தின் முகமும் லென்ஸின் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நாணயம் வைக்கப்போகும் இடத்தில் முதலில் ஒரு சிறு கண்ணாடியை வையுங்கள். திரையின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் தளம் சரி. ஓரமாகத் தெரிந்தால் தாங்கியைத் திருத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஒரு பக்க எழுத்துகள் கூர்மையாகவும் எதிர்ப்பக்க எழுத்துகள் மங்கலாகவும் வரும். அந்த மங்கலைப் பார்ப்பவர்கள் தேய்மானம் என்றே எண்ணுவார்கள். சென்னை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இந்த வேலையைச் செய்யும்போது நெற்றியில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். செம்புக் காசின் மேல் விழும் ஒரு வியர்வைத் துளி நிலையான கறையாகிவிடக்கூடும்.

இனி, வெளிச்சத்தின் கோணம். நாணயத்தை அச்சடிக்கும்போது உலோகம் அழுத்தத்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அதனால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் உண்டாகின்றன. புழக்கத்துக்கு வராத காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால் இந்த வரிகளால்தான் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிப்பட்டைகள் சுழல்கின்றன. புளி போட்டோ சாம்பல் போட்டோ துலக்கிய காசு எவ்வளவு பளபளத்தாலும் அந்தச் சுழற்சி அதில் இராது. ஆகவே முதல் படத்துக்கு விளக்குகளின் முன்னே எந்தத் திரையும் வைக்காமல், கடிகாரத்தின் 10 மணி, 2 மணி இருக்கும் திசைகளில், லென்ஸுக்குப் பக்கத்தில் நன்கு உயர்த்தி வையுங்கள். அச்சில் வந்த அந்த இயல்பான மெருகு இருந்தால் அது படத்தில் தெரியும். டிரேசிங் காகிதத்தால் ஒளியை மென்மையாக்கினால் படம் அழகாக இருக்கும். ஆனால் மெருகும் கீறலும் சேர்ந்தே மறைந்துபோகும்.

இரண்டாம் படத்துக்கு ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதை மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, ஒளி நாணயத்தின் முகத்தைத் தடவிக்கொண்டு போகும்படி வையுங்கள். என் 1862 ரூபாயை இப்படி வைத்தபோது, கன்னத்தில் ஒரே திசையில் ஓடும் ஐம்பது அறுபது கோடுகள் வெள்ளை நூல் போல எழுந்து நின்றன. நாணயத்தைக் கால் வட்டம் திருப்பியதும் அவை அனைத்தும் மறைந்தன. எனவே நாணயத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, குறை நன்றாகத் தெரியும் நிலையில் படமெடுப்பதே நேர்மை. முதலாம் ராஜராஜனின் செம்புக் காசுகளைப் போலத் தேய்ந்துபோனவற்றுக்கும் இந்தத் தாழ்ந்த வெளிச்சமே உதவும். அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் உள்ள 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயர் நேர் வெளிச்சத்தில் வெறும் மேடுபள்ளமாக இருக்கும். பக்க வெளிச்சத்தில் படிக்கும்படி நிமிரும். வெளிச்சம் எப்போதும் படத்தின் மேல்புறத்திலிருந்தே வரட்டும். கீழிருந்து வந்தால் புடைப்பான எழுத்து குழிந்ததுபோலத் தோன்றும், ஏனென்றால் ஒளி மேலிருந்து விழுவதாகவே நம் கண் எடுத்துக்கொள்கிறது.

திருத்தும் வேலைக்கு வந்தால், நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: நாணயத்தைத் திரைக்குப் பக்கத்தில், எடுத்த அதே விளக்கின் கீழ் வைத்துக்கொண்டு, படம் அதைப் போல ஆகும்வரை மட்டும் திருத்துவேன். அதற்கு முன் கைப்பேசியில் இரவு நேர மஞ்சள் திரையையும், நிறங்களை மிகைப்படுத்தும் அமைப்பையும் நிறுத்திவிட வேண்டும். பின்னர் நேராக நிமிர்த்துவது, வெட்டுவது, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது), வெளிச்ச அளவு என்ற வரிசையில் செய்யலாம். ஒயிட் பேலன்ஸுக்காக நாணயத்தின் அருகே நடுத்தரச் சாம்பல் நிற அட்டை ஒன்றையும் சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். செம்புக்கு இது மிக முக்கியம்: நிறம் சற்றே மஞ்சள் பக்கம் நகர்ந்தாலும் பழுப்பேறிய காசு புதுச் செம்பாகச் சிவந்து தெரியும், சேகரிப்பாளர்கள் அந்தச் சிவப்புக்குத்தான் அதிக விலை தருகிறார்கள்.

வெள்ளியின் டோனிங், அதாவது காலப்போக்கில் மேற்பரப்பில் ஏறும் நிறம், இன்னும் நுட்பமானது. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் மேலே படியும் வெள்ளி சல்பைடு படலம் தடிக்கத் தடிக்க, எண்ணெய் மிதக்கும் தண்ணீரைப் போல மஞ்சள், செந்நீலம், நீலம் என்று நிறம் மாறும். இந்த நிறம் கோணத்துக்குக் கோணம் மாறுபடும். ஆகையால் ஒரே படம் அதை முழுமையாகச் சொல்லாது. நிறச் செறிவை, அதாவது சாச்சுரேஷனைச் சிறிது கூட்டினாலே சாம்பல் ரூபாய் மயில் கழுத்தாகிவிடும். அந்த அளவைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிறத்தைக் காட்ட விரும்பினால், கையில் பிடித்துச் சாய்க்கும் பத்து விநாடி வீடியோ ஒன்றை எடுங்கள்.

ஷார்ப்னஸைக் கூட்டுவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜின் 1911ஆம் ஆண்டு ரூபாயில், மன்னரின் மேலங்கியில் உள்ள சிறு யானையின் துதிக்கை குட்டையாக இருந்ததால் அது பன்றியைப் போலத் தெரிகிறது என்ற எதிர்ப்பு எழுந்தது. 1912 முதல் யானையின் உருவம் திருத்தப்பட்டது. அரிசி மணி அளவே உள்ள அந்த உருவத்தை அளவுக்கு மீறிக் கூராக்கினால், விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் முளைத்து, இல்லாத துதிக்கை நீண்டுவிடும். புதிய கைப்பேசிகள் பல, கேட்காமலேயே இந்தக் கூராக்கத்தைச் செய்துவிடுகின்றன. மூல வடிவமான 'ரா' கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காண்ட்ராஸ்ட்டும் அப்படித்தான்: சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியார் அச்சடித்த நட்சத்திர வராகன் என்ற தங்கக் காசின் பின்புறத்தில் நிறைந்திருக்கும் சிறு புள்ளிகள், அதைக் கூட்டினால் ஒன்றோடொன்று கலந்து வெறும் வெளிச்சத் திட்டாகிவிடும். பின்னணியைத் தானாக நீக்கும் செயலிகள் விளிம்பில் உள்ள அடிபட்ட பள்ளத்தையும் சேர்த்து வெட்டி, காசை முழு வட்டமாக்கிவிடுகின்றன. கீறலை அழிக்கும் கருவியை நாணயத்தின் மேல் பயன்படுத்துவது ஏமாற்றுதான்; தூசியாக இருந்தால் ஊதிவிட்டு மீண்டும் படமெடுக்கலாமே.

பிறர் அனுப்பும் படத்தைப் பார்த்து வாங்கும்போதும் இவையெல்லாம் பயன்படும். எங்கும் நிழலே இல்லாத மென்மையான படமாக இருந்தால், தாழ்ந்த வெளிச்சத்தில் இன்னொரு படம் கேளுங்கள். நாணயத்தோடு பின்னணித் துணியும் நிறம் ஏறித் தெரிந்தால் சாச்சுரேஷன் கூட்டப்பட்டிருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கி நுண்விவரங்களை இழக்கும் என்பதால், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கண்ணைப் பழக்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ஒரு மணி நேரம் செலவிடலாம்; ஒரே காசின் முன் நின்று தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள், அதன் முகம் மாறிக்கொண்டே வரும்.

அந்த 1862 ரூபாயைப் பின்னர் இரண்டு படங்களோடும் காட்டினேன். கல்லூரி மாணவர் ஒருவர் கன்னத்துக் கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்து, அவற்றுக்கு ஏற்ற விலையைச் சொல்லி, நேரில் வந்து வாங்கிக்கொண்டு போனார்.