தகட்டைத் துளைக்கவும் கவ்வவைக்கவும் காற்றுப் பிரஸ்: மலையகப் பட்டறைக்கு ஒரு தொடக்கப் பாடம்

மலையகத்தில் தகர வேலையைச் சோதிப்பது மழைதான். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கங்களில் செப்டெம்பர் வரை கூரையோர மழைநீர்ப் பீலி காய்ந்து கிடக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாகப் (துத்தநாகப்) பூச்சுத் தகட்டை வெல்டிங் செய்து நான் கட்டிக்கொடுத்த பீலி ஒன்றில், இரண்டாவது வருடமே மூட்டுகள் எல்லாம் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தன. மற்ற இடமெல்லாம் புதிது போலவே இருந்தது. நாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியஸில் உருகும், 907 பாகையில் கொதித்து ஆவியாகும். உருக்கு உருகுவதற்கோ 1,500 பாகை அளவு சூடு வேண்டும். ஆகவே தகடு ஒட்டுவதற்கு முன்பே அந்த இடத்தின் பூச்சு புகையாகப் போய்விடுகிறது. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வருவதும் உண்டு.

அதற்குப் பிறகுதான், சூடே காட்டாமல் தகட்டை இணைக்கும் காற்றுப் பிரஸ்ஸுக்கு மாறினேன். புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்காக, நான் கற்ற வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

கருவியை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ஆங்கில எழுத்து ‘சி’ வடிவில் வளைந்த ஒரு கனத்த உருக்குச் சட்டம். அதன் ஒரு முனையில் தகட்டைக் குத்தும் பஞ்ச், எதிர் முனையில் அதற்கு ஏற்ற குழியுள்ள டை. இடையில் தகட்டை வைத்து சுவிட்சை அழுத்தினால் பஞ்ச் இறங்குகிறது. துளைக்கும் பஞ்ச்சையும் டையையும் பொருத்தினால் துளை விழும். இணைக்கும் சோடியைப் பொருத்தினால், இரண்டு தகடுகளும் சேர்ந்து டையின் குழிக்குள் இறங்கி, அடியில் அகன்று, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆணி இல்லை, ரிவெட் இல்லை, சூடு இல்லை. மேலிருந்து பார்த்தால் சிறு குழி, அடியிலிருந்து பார்த்தால் சிறு குமிழ். தொழிலில் இதைக் கிளிஞ்சிங் என்பார்கள். நான் கவ்வுமூட்டு என்றே எழுதுகிறேன்.

வெறும் காற்றால் இவ்வளவு விசை எப்படி வருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுங்கள். கம்பிரசர் தரும் காற்று 6 பார், அதாவது 87 பி.எஸ்.ஐ. அளவு. 100 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனில் அது தரும் விசை 480 கிலோ எடைக்குச் சமம். அந்தப் பிஸ்டன் 20 மி.மீ. தண்டு ஒன்றை எண்ணெய்க்குள் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 25 மடங்கு குறைவதால் எண்ணெயின் அமுக்கம் 25 மடங்கு ஏறி 150 பார் ஆகிறது. அந்த எண்ணெய், பஞ்ச்சை இறக்கும் 50 மி.மீ. பிஸ்டனைத் தள்ளும்போது கிடைப்பது ஏறத்தாழ 3 டன். கையால் நகர்த்தக்கூடிய ஒரு கருவிக்குள் 3 டன்! ஆனால் இது இலவசமாகக் கிடைப்பதில்லை. பஞ்ச் 1 மி.மீ. இறங்க, காற்றுப் பிஸ்டன் 6.25 மி.மீ. ஓட வேண்டும். அதனால்தான் இந்தக் கருவிகளில் முழு விசையும் கடைசிச் சில மில்லிமீற்றரில் மட்டுமே கிடைக்கிறது. தகட்டுக்கும் பஞ்ச்சுக்கும் நடுவே அதிக இடைவெளி விட்டால், விசை வரவேண்டிய இடத்தில் வராது.

எண்ணெய்க்குள் காற்றுக் குமிழ் புகுந்துவிட்டாலும் இதே கதைதான். அடி பஞ்சுபோல் மென்மையாகிவிடும். கருவியுடன் வந்த குறிப்பின்படி எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, காற்றை வெளியேற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

மலை உயரம் என்ன செய்யும்?

இதைச் சமவெளிக்காரர் யாரும் உங்களுக்குச் சொல்லித்தரமாட்டார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கம்பிரசர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உள்ளே வரும் காற்று அந்த அளவுக்கு மெலிந்தது. கொழும்பில் 5 நிமிடத்தில் நிரம்பும் தொட்டி, நுவரெலியாவில் 6 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் பிரஸ்ஸின் விசை குறைவதில்லை. அமுக்கமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான், பிஸ்டனைத் தள்ளுவதும் அந்தக் கூடுதலேதான். மானியில் 6 பார் இருந்தால் கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஒரே அடிதான் விழும். தொட்டி மெதுவாக நிரம்புகிறதே என்று, கருவிக்குப் போகும் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மேலே திருகிவிடாதீர்கள். அடிகளுக்கு நடுவே பொறுத்திருங்கள், அல்லது பெரிய தொட்டியாக வாங்குங்கள்.

காற்றுவழியை அமைத்தல்

கம்பிரசரிலிருந்து கருவி வரை இந்த வரிசை வேண்டும்: தொட்டி, மூடும் வால்வு, நீர் பிரிக்கும் வடிகட்டி, ரெகுலேட்டர், கருவி கேட்டால் எண்ணெய்த்துளி விடும் கிண்ணம், பிறகு காற்று ஹோஸ். இதில் நீர் வடிகட்டியை மட்டும் காசு மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிடாதீர்கள். 15 பாகை வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 13 கிராம் நீராவியைத் தாங்கும். நிமிடத்துக்கு 100 லீற்றர் இழுக்கும் ஒரு சிறிய கம்பிரசர், மூடுபனி நாளில் ஒரு மணி நேரம் ஓடினால் 60 கிராம் அளவு நீர் உள்ளே தேங்கும். அது முதலில் தொட்டியின் அடியைத் துருவாக்கும், அப்புறம் கருவியின் வால்வை. வேலை முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை விட்டுவிடுவதை ஒரு நாளும் தவறவிடக் கூடாது.

பி.வி.சி. தண்ணீர்க் குழாயைக் காற்றுவழியாகப் போடுவதைச் சில பட்டறைகளில் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அது வெடித்தால் கிழிவதில்லை, கத்திபோன்ற துண்டுகளாகச் சிதறுகிறது. காற்றுக்கென்றே செய்த றப்பர் ஹோஸ் போதும்.

தோட்டத்து மின்கம்பி வரிசையின் கடைசியில் வேலை செய்ய நேர்ந்தால், 230 வோல்ட் என்பது பெயருக்குத்தான் இருக்கும். நீண்ட மின்வயரைப் போட்டு கம்பிரசரைக் கூரையோரம் வரை கொண்டுபோனால் மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும். கம்பிரசரை மின்செருகிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, காற்று ஹோஸை நீட்டுங்கள்.

கை, கண், காது

3 டன் விசைக்கு விரலும் தகடும் ஒன்றுதான். பஞ்ச்சுக்கும் தகட்டுக்கும் இடைவெளியை 6 மில்லிமீற்றருக்குள் வைக்க முடிந்தால் விரல் உள்ளே நுழைய இடமில்லை. அதற்கு மேல் திறக்கும் கருவியானால் இரண்டு கையாலும் அழுத்தும் சுவிட்ச் இருக்க வேண்டும். ஒருவர் தகட்டைப் பிடிக்க இன்னொருவர் சுவிட்சை அழுத்துவது கூடவே கூடாது. பஞ்ச் மாற்றும்போது ஹோஸைக் கழற்றி, மீதக் காற்றையும் வெளியேற்றிவிடுங்கள். கண்ணாடி, காதடைப்பான் கட்டாயம். கருவியின் பாரத்தைத் தோளில் ஏற்றாமல், மேலே விட்டத்திலிருந்து சுருள்வில் தாங்கியில் தொங்கவிடுங்கள்.

துளைத்தல்

துளையிடத் தேவையான விசைக்கு ஒரே ஒரு பெருக்கல்தான்: துளையின் சுற்றளவு, தகட்டின் தடிப்பு, அந்த உலோகம் வெட்டுப்படும் வலிமை. மென்னுருக்குக்கு சதுர மில்லிமீற்றருக்கு 350 நியூட்டன் என்று எடுத்துக்கொள்ளலாம். 6 மி.மீ. துளை, 1 மி.மீ. தகடு என்றால் ஏறத்தாழ 6,600 நியூட்டன், சுமார் 670 கிலோ எடை. நம் 3 டன் கருவிக்கு இது எளிது. துளையின் விட்டம் தகட்டின் தடிப்பைவிடக் குறையக் கூடாது, பஞ்ச் முறிந்துவிடும்.

டையின் துளை பஞ்ச்சைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் தகட்டுத் தடிப்பில் 5 முதல் 10 சதவீதம். இது சரியாக இருந்தால் விளிம்பு சுத்தமாக வரும். விரலை ஓட்டிப்பார்க்காமல், பழைய துணியை ஓட்டிப் பாருங்கள். துணி சிக்கினால் இடைவெளி அதிகம், அல்லது பஞ்ச் மழுங்கிவிட்டது.

கவ்வுமூட்டு

இங்கேதான் நிதானம் வேண்டும். வேலைத் தகட்டில் கை வைப்பதற்கு முன், அதே தகட்டிலிருந்து ஒரு விரல் நீளத்தில் பத்துத் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கும் வேறு தகடு உதவாது. தடிப்பும் பூச்சும் மாறினால் மூட்டும் மாறும்.

எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணையும் துடைத்துவிட்டு, இரண்டு துண்டுகளையும் இடைவெளியின்றிச் சேர்த்துப் பிடியுங்கள். தடித்த தகடு பஞ்ச் பக்கம், மெல்லியது டை பக்கம். முதல் மாதத்தில் இதை நான் தலைகீழாகச் செய்தேன். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் வாட்டும் தொட்டிக்குப் போகும் காற்றுக்குழாய் அது. பார்வைக்கு வரிசையாக, அழகாகத்தான் இருந்தது. விசிறியை ஓட்டிய மூன்றாம் நாள் ஒரு பக்கம் முழுவதும் திறந்துகொண்டது. குமிழின் கழுத்து உருவாவது பஞ்ச் பக்கத் தகட்டிலிருந்து. அது மெலிந்ததாக இருந்தால் கழுத்து நூல்போல் இழுபட்டு அறுந்துவிடும். இதை அன்றைக்கு எனக்குச் சொல்லித்தர ஆள் இருந்திருந்தால், அந்தக் குழாயை இரண்டு முறை செய்யவேண்டி வந்திருக்காது.

4 பாரில் தொடங்கி, அரை அரைப் பாராக ஏற்றி, ஒவ்வோர் அமுக்கத்திலும் ஒரு சோடித் துண்டை அழுத்துங்கள். ஒவ்வொன்றிலும் பாரை மார்க்கரால் எழுதிவையுங்கள். பிறகு கூர்முனை மைக்ரோமீற்றரால் குழியின் அடியில் எஞ்சியிருக்கும் தடிப்பை அளவிடுங்கள். இரண்டு தகடும் சேர்ந்த மொத்தத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்பது தோராயமான தொடக்கம். டையுடன் தரப்பட்ட எண் இருந்தால் அதுவே முடிவு.

அளவு சரியாக வந்தாலும் நம்பிவிடாதீர்கள். துண்டை இடுக்கியில் இறுக்கி, மேல் தகட்டைக் குறடால் உரித்தெடுங்கள். குமிழ் முழுசாக வழுக்கி வெளியே வந்துவிட்டால் கவ்வல் போதவில்லை, அமுக்கத்தைக் கூட்டுங்கள். கழுத்து அறுந்து குமிழ் மறு தகட்டிலேயே தங்கிவிட்டால், அது எளிதில் அறுந்ததா, உங்கள் கை வலிக்க இழுத்த பிறகு அறுந்ததா என்று கவனியுங்கள். எளிதில் அறுந்தால் அளவுக்கு மீறி நசுக்கிவிட்டீர்கள், அல்லது தகடுகள் தலைகீழாக இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில், உரிப்பதற்கே உடல் பலம் முழுவதையும் கேட்கும் ஓர் அமுக்கம் இருக்கும். அதுதான் உங்கள் அமுக்கம்.

இருபது முப்பது அடிக்கு ஒரு முறை டையின் குழியைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். நாகப் பூச்சின் துகள் அங்கே படிந்தால் குமிழ் ஒருபக்கமாகச் சாயும். சாய்வு தொடர்ந்தால் சட்டம் விரிந்து பஞ்ச் விலகுகிறதா என்று பாருங்கள்.

முதல் வேலை: பீலியின் மூடி

தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டுக் கூரைக்கான பீலி ஒன்றின் முனைமூடியைப் பழகுவதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் 20 மி.மீ. மடிப்பு விட்டு வளைத்து, பீலிக்குள் செருகுங்கள். குமிழ் வெளிப்பக்கம் வரட்டும், உள்ளே இருந்தால் தேயிலைச் சருகும் சவுக்கு இலையும் அதில் தங்கும். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, 40 மில்லிமீற்றருக்கு ஒன்றாகக் குறியிட்டு அழுத்துங்கள். முதலில் இரண்டு ஓரமும், பிறகு நடு, பிறகு மற்றவை. ஓரத்திலிருந்து வரிசையாகப் போனால் தகடு தள்ளப்பட்டு மறுமுனையில் வீங்கும்.

வெட்டில்லாத வட்டக் குமிழில் நீர் கசியாது, ஆனால் இரு தகட்டின் நடுவில் உள்ள கோட்டில் கசியும். அங்கே சிலிக்கன் பசையை உள்ளிருந்து தடவுங்கள். அழுத்துவதற்கு முன்பே தடவினால் பசை டைக்குள் புகுந்துவிடும்.

பாரம் சுமக்கும் கூரைச் சட்டத்துக்கும் மாடிப்படிக்கும் இந்த மூட்டு வேண்டாம். அங்கே போல்ட் போடுங்கள்.

பீலி ஏறியதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பட்டறைக்குத் திரும்பித் தொட்டி நீரை விட்டு, வால்வை மூடி, ஹோஸைச் சுருட்டித் தொங்கவிடுங்கள். உரித்துப் பார்த்த துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். திகதி, தகட்டின் தடிப்பு, அமுக்கம் மூன்றையும் அதன்மேல் எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள். அடுத்த முறை அதே தகடு வரும்போது அந்த அமுக்கத்திலிருந்தே தொடங்கலாம்.