எங்கள் பகுதிப் பெண்களின் புற்றுநோய் இறப்பு வீதத்தை நாமே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

"எங்கட பக்கம் இப்ப புற்றுநோய் கூடிப்போச்சு." யாழ்ப்பாணத்தில் இந்தப் பேச்சு செத்தவீட்டுப் பந்தலிலும் கேட்கும், பஸ்ஸிலும் கேட்கும். எண்ணெய் கலந்ததாகச் சொல்லப்படும் சுன்னாகத்துக் கிணற்றுத் தண்ணி என்பார் ஒருவர், தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து என்பார் இன்னொருவர். எந்தப் புற்றுநோய், எந்த வயதுப் பெண்களிடம், எந்த ஆண்டிலிருந்து என்று கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். சதவீதக் கணக்கும் கொஞ்சம் எக்செல்லும் தெரிந்தால் போதும். உயர்தர மாணவர்கள், சனசமூக நிலையத்தார், மாதர் சங்கத்தினர் யாரும் செய்யலாம்.

படி 1: எந்தப் புற்றுநோய் என்று முடிவெடுங்கள்

எல்லாப் புற்றுநோயையும் ஒன்றாகக் கூட்டினால் ஒன்றும் விளங்காது. மார்பகம், கருப்பைக் கழுத்து, சூலகம், உணவுக்குழாய், வாய் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, கண்டுபிடிக்கும் வழி வேறு. முதல் முயற்சிக்கு மார்பகப் புற்றுநோயை எடுங்கள். இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது அதுதான், எண்ணிக்கையும் ஓரளவு போதுமாக இருக்கும்.

இன்னொன்று. புதிதாக நோய் கண்டவர்களின் எண்ணிக்கை வேறு, இறந்தவர்களின் எண்ணிக்கை வேறு. தைரொயிட் புற்றுநோய் பெண்களிடம் நிறையக் கண்டுபிடிக்கப்படுகிறது, ஆனால் அதனால் இறப்பவர்கள் குறைவு. ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் அது எந்த எண்ணிக்கை என்பதை முதலில் பாருங்கள். தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் வெளியிடும் பதிவேட்டு அறிக்கைகளில் பெரும்பாலும் புதிய நோயாளர் விவரமே இருக்கும். இறப்புகள் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவாகின்றன.

படி 2: இறப்பு எண்ணிக்கையைத் திரட்டுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. இங்கே பிழைத்தால் பின்னால் எவ்வளவு திறமாகக் கணக்குப் போட்டாலும் பயனில்லை.

இலங்கையில் மரணம் நடந்த இடத்துப் பதிவாளரிடமே மரணம் பதியப்படுகிறது. சங்கானைப் பெண் ஒருவர் மகரகமவில் உள்ள அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கண்மூடினால் அந்த மரணம் கொழும்பு மாவட்டத்தில் பதிவாகும். முல்லைத்தீவிலிருந்து வந்து யாழ் போதனா வைத்தியசாலையில் இறந்தவர் யாழ் மாவட்டத்துக் கணக்கில் வருவார். தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் வடக்கின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆகவே பதிவான இடத்தின்படி வரும் பட்டியலை வைத்து யாழ்ப்பாணத்தையும் கிளிநொச்சியையும் ஒப்பிட்டால், உண்மையில் நீங்கள் ஒப்பிடுவது ஆஸ்பத்திரி இருக்கும் ஊரையும் இல்லாத ஊரையும்தான். இறந்தவரின் நிரந்தர முகவரிப்படி பிரித்த எண்ணிக்கை கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அப்படிக் கேட்க வழி தருகிறது. பெயர்களைக் கேட்க வேண்டாம். வயதுக் கூட்டம், பால், பிரதேச செயலகப் பிரிவு, ஆண்டு, நோய்க் குறியீடு, இவ்வளவும் போதும்.

நோய்க் குறியீடு என்பது ஐசிடி-10, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ஒவ்வொரு நோய்க்கும் உள்ள எண். மார்பகத்துக்கு சி50, கருப்பைக் கழுத்துக்கு சி53, கருப்பையின் உடற்பகுதிக்கு சி54, சூலகத்துக்கு சி56. சி55 என்று ஒன்று உண்டு, கருப்பையில் எந்த இடம் என்று குறிப்பிடாதவை அதற்குள் போகும். சி55இல் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் சி53ஐ மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். கழுத்துப் பகுதிப் புற்றுநோயால் இறந்த பலர் அங்கே ஒளிந்திருப்பார்கள்.

மரணச் சான்றிதழில் இறப்புக் காரணம் எழுதும் பகுதியையும் ஒருதரம் நினைத்துப் பாருங்கள். மார்பில் தொடங்கி ஈரலுக்குப் பரவி இறந்த அம்மாவுக்கு, சங்கிலியைத் தொடங்கிவைத்த நோய் மார்பகப் புற்றுநோய். அடிப்படைக் காரணமாக அதுதான் வரவேண்டும். ஈரல் என்று மட்டும் எழுதப்பட்டால் கணக்கில் அவர் வேறு வரிக்குப் போய்விடுகிறார். கடைசி நாட்களில் வீட்டுக்குக் கூட்டிவந்து, வீட்டிலேயே உயிர் பிரிந்தால் நிலைமை இன்னும் சிக்கல். கிராம அலுவலருக்கு அறிவித்துப் பதியும்போது வீட்டார் சொல்வதுதான் பெரும்பாலும் காரணமாகிறது. பிள்ளைகளின் கலியாணப் பேச்சை நினைத்து நோயின் பெயரை மறைக்கும் குடும்பங்களும் எங்களிடையே இருக்கின்றன. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மறைக்கப்படும் ஒவ்வொரு மரணமும் அந்த ஊரின் வீதத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டுகிறது.

படி 3: பெண்களின் சனத்தொகையை எடுங்கள்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கெடுப்பில் பெண்களின் எண்ணிக்கை ஐந்தாண்டு வயதுக் கூட்டங்களாக உண்டு. யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். இன்றைய எல்லைப்படி 1981இல் மாவட்டத்தில் சுமார் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் சுமார் 5 லட்சத்து 83 ஆயிரம். இடையில் போர், 1990இல் முஸ்லிம் மக்களின் வெளியேற்றம், 1995 இடப்பெயர்வு, வெளிநாட்டுப் பயணங்கள். 2001 கணக்கெடுப்பை இங்கே முழுமையாக நடத்தவும் முடியவில்லை. ஆகவே போர்க்கால ஆண்டுகளுக்கு வீதம் கணிக்கப் போகாதீர்கள். 2012, 2024 கணக்கெடுப்புகளை இரு முனைகளாக வைத்து இடைப்பட்ட ஆண்டுகளைச் சீராகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வயதைச் சமன்படுத்துங்கள்

இளையவர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய், வயதானவர்கள் தங்கிவிட்ட ஊரில் புற்றுநோய் இறப்பு இயல்பாகவே அதிகமாகத் தெரியும். அதைச் சரிசெய்யாமல் இரண்டு ஊரை ஒப்பிடுவது நியாயமில்லை. கீழே உள்ள எண்கள் கணக்கு விளங்குவதற்காக நானே போட்டவை, எந்த ஊரினதும் உண்மைத் தரவு இல்லை. இரண்டு பகுதியிலும் தலா 50,000 பெண்கள்.

பகுதி அ:
0–44 வயது: 30,000 பேர், 3 இறப்பு
45–59 வயது: 9,000 பேர், 9 இறப்பு
60க்கு மேல்: 11,000 பேர், 22 இறப்பு

பகுதி ஆ:
0–44 வயது: 40,000 பேர், 6 இறப்பு
45–59 வயது: 6,000 பேர், 9 இறப்பு
60க்கு மேல்: 4,000 பேர், 10 இறப்பு

இறப்பைப் பெண்களின் தொகையால் வகுத்து லட்சத்தால் பெருக்கினால் வருவதுதான் வீதம். மொத்தமாகப் பார்த்தால் அ பகுதியில் 34 இறப்பு, லட்சத்துக்கு 68. ஆ பகுதியில் 25 இறப்பு, லட்சத்துக்கு 50. அ மோசம் என்று தோன்றும்.

இப்போது வயதுக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் லட்சத்துக்கு எத்தனை என்று பாருங்கள். அ பகுதியில் 10, 100, 200. ஆ பகுதியில் 15, 150, 250. எல்லா வயதிலும் ஆ பகுதிதான் மோசம்!

இதை ஒரே எண்ணாக்க, சேகி என்பவர் 1960இல் வகுத்து, டோல் என்பவர் பின்னர் திருத்திய உலகத் தர சனத்தொகையைப் பயன்படுத்துகிறோம். அதில் ஒரு லட்சம் பேரில் 0–44 வயதினர் 74,000, 45–59 வயதினர் 15,000, 60க்கு மேல் 11,000. ஒவ்வொரு வயது வீதத்தையும் அதற்குரிய தொகையால் பெருக்கி, கூட்டி, ஒரு லட்சத்தால் வகுக்க வேண்டும். அ பகுதிக்கு 44.4, ஆ பகுதிக்கு 61.1 வரும். எக்செல்லில் வீதம் ஒரு நிரல், தரத்தொகை அடுத்த நிரல் என்று வைத்தால் சம்ப்ரொடக்ட் (SUMPRODUCT) சூத்திரம் ஒரே வரியில் செய்துவிடும். உண்மைத் தரவில் மூன்று கூட்டம் போதாது, ஐந்தாண்டுக் கூட்டங்கள் பதினெட்டையும் போடுங்கள்.

படி 5: சிறிய எண்களை நம்பி முடிவு சொல்லாதீர்கள்

இறப்பு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், தற்செயலாக எவ்வளவு கூடிக் குறையலாம் என்பது ஏறக்குறைய தெரியும். 25 இறப்பு என்றால் 15 முதல் 35 வரை. வீதமும் அதே விகிதத்தில் கூடிக் குறையலாம். மேலுள்ள உதாரணத்தில் ஓராண்டுத் தரவுக்கு அ பகுதியின் வீதம் ஏறத்தாழ 29 முதல் 60 வரை, ஆ பகுதிக்கு 37 முதல் 86 வரை. இரண்டும் நன்றாக மேற்பொருந்துவதால் ஒன்றும் சொல்ல முடியாது. இதே வேகத்தில் ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்தால் 38–51, 50–72 என்று நெருங்கிவிடும். அப்போது வித்தியாசம் பேசத்தக்கதாகிறது.

யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளையும் தனித்தனியே வரிசைப்படுத்த எல்லோருக்கும் ஆசை வரும். நெடுந்தீவு, காரைநகர் போன்ற சிறிய இடங்களில் ஓராண்டில் ஓர் இறப்பு கூடினாலே வீதம் எகிறும். அந்தப் பெண் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஸ்டேட் கேன்சர் புரொஃபைல்ஸ் தளம் 16க்குக் குறைந்த எண்ணிக்கையுள்ள இடங்களின் வீதத்தைக் காட்டுவதேயில்லை. நாமும் அதையே பின்பற்றலாம். தீவகத்தை ஒன்றாகவும் வடமராட்சியை ஒன்றாகவும் சேர்த்துப் பாருங்கள்.

படி 6: போக்கைப் பாருங்கள்

ஐந்தாண்டுச் சராசரிகளை ஆண்டுவாரியாக நகர்த்திக் கோட்டுப்படம் வரையுங்கள். கோடு ஏறினால் உடனே காரணம் தேடி ஓடாமல், பதியும் முறை மாறியதா என்று முதலில் கேளுங்கள். தெல்லிப்பழை மருத்துவமனை 2013இல் திறந்தது. முன்பு மகரகமவில் பதிவான மரணங்கள் அதன் பிறகு இங்கேயே பதிவாகத் தொடங்கினால், ஒருவர்கூடக் கூடுதலாக இறக்காமலே கோடு ஏறும்.

கோடு இறங்காவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி பாடசாலைகளில் ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு 2017இல் தொடங்கியது. அன்று 11 வயதாக இருந்த பிள்ளைக்கு 45 வயதாவது 2051இல். அந்தத் தடுப்பூசியின் பலனை இன்றைய இறப்பு வீதத்தில் தேடக்கூடாது. 35, 45 வயதில் கருப்பைக் கழுத்தைச் சோதிக்கும் பாப் பரிசோதனைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்பதே இப்போதைக்குப் பார்க்கவேண்டிய எண்.

படி 7: வீதத்தையும் போக்கையும் ஒரே அட்டவணையில் வையுங்கள்

குறுக்கே மூன்று பெட்டி: வீதம் நாட்டுச் சராசரியிலும் அதிகம், ஏறக்குறைய சமம், குறைவு. நெடுக்கே மூன்று: ஏறுகிறது, மாற்றமில்லை, இறங்குகிறது. ஒவ்வொரு புற்றுநோயையும் அதற்குரிய பெட்டியில் எழுதுங்கள். அதிகமாகவும் இருந்து ஏறியும் கொண்டிருப்பவை முதல் கவனத்துக்குரியவை. குறைவாக இருந்தும் ஏறுகிறவற்றை நான் அடுத்ததாக வைப்பேன். இன்று சராசரியைவிடக் குறைவு என்பதால் அவை யார் கண்ணிலும் படுவதில்லை, தடுக்க அவகாசம் இருப்பதும் அவற்றில்தான்.

அட்டவணையின் அடியில் நான்கு விஷயங்களைக் கட்டாயம் எழுதுங்கள்: எந்த ஆண்டுகள், தரவு எங்கிருந்து வந்தது, முகவரிப்படியா பதிவான இடத்தின்படியா, எந்தத் தர சனத்தொகை. பிறகு அதை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்டி, அவர்களுடைய கிளினிக் பதிவுகளுடன் பொருந்துகிறதா என்று கேளுங்கள். குடும்பநல உத்தியோகத்தரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஒழுங்கையில் எந்தப் பெண் மார்பில் கட்டியோடு வெளியே சொல்லாமல் இருக்கிறாள் என்பது முதலில் அவருக்குத்தான் தெரியவரும்.